மண்ணெண்ணெய்ச் சுருதி

போன கிழமை வவுனியாவில் ஒரு கல்யாண வீடு. மண்டபத்தில் பந்தியில் இருந்து, வாழையிலையில் விழுந்த முதல் கரண்டிச் சோற்றைப் பருப்போடு குழைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் ஓய்ந்தன. மேடையில் நாதஸ்வரக்காரரின் மைக் ஊமையானது. எங்கோ ஒரு குழந்தை சந்தோசமாகக் கைதட்டியது. சற்று நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறுமத் தொடங்க, யன்னல் வழியாக எரிந்த எண்ணெயின் மணம் வந்தது. நான் என்னை அறியாமல், வாயில் சோற்றோடு, “ச” என்று இழுத்துவிட்டேன். அதுவும் மெல்ல இல்லை. பக்கத்து இலையில் இருந்த வயதான அம்மா ஒருவர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி, விக்கினதோ என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வேறென்ன சொல்ல?

என் கணவர் மட்டும் இலையைப் பார்த்தபடி சிரித்தார். என்னுடைய இந்த வியாதியை அவர் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். எந்த இயந்திரம் ஒரே நிலையில் நின்று இரைந்தாலும் எனக்கு அதோடு சேர்ந்து பாட வேணும்போல் வரும். அரிசி ஆலைக்கு முன்னால் என்னைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக மாட்டார். இத்தனைக்கும் நான் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியவள். தம்புராவுக்கு முன்னால் சப்பணமிட்டு, கண்ணை மூடி, தொடையில் தாளம் தட்டிப் பாடியவள். என்னை இந்தக் கோலத்துக்கு ஆளாக்கியது கிளிநொச்சிப் பக்கத்து ஸ்கந்தபுரம். அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

என்னுடைய முதல் நியமனம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இதைக் கேள்விப்பட்டதும் அம்மா, அங்கே பாம்பு இருக்குமா என்று விசாரித்தார். அப்பா, பஸ் இருக்குமா என்று விசாரித்தார். இரண்டும் இருந்தன. பாம்பு நேரத்துக்கு வரும்.

அதிபர் விவசாயம் படிப்பித்து அதிபரானவர். நல்ல மனிதர். எப்போதும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் மினுங்குகிற சப்பாத்துமாக இருப்பார். அந்தச் செம்மண்ணில் மினுங்குகிற சப்பாத்தோடு நடமாடுவது லேசான காரியமில்லை. வாசலில் சப்பாத்துத் துடைக்க ஒரு துணி, அலுவலகத்தில் ஒரு துணி, சைக்கிளில் ஒரு துணி என்று வைத்திருந்தார். அவருக்குச் சங்கீதம் என்றால் விருந்தினரை வரவேற்பதற்குப் பாடுவது. அதற்கு மேலும் அதில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. ஆனால் அதைக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தியதில்லை.

சங்கீத அறை என்று எனக்குக் கிடைத்தது விளையாட்டுச் சாமான் அறையின் பாதி. பிள்ளைகள் பாயில் இருந்து சரளி வரிசை பாடும்போது அவர்களின் தலைக்கு மேலே கூரை வளையில் ஈட்டிகள் செருகியிருக்கும். மூலையில் குண்டெறிதல் குண்டுகள். முதல் மாதம் பிள்ளைகள் மிகவும் ஒழுக்கமாக இருந்ததை என் ஆளுமைக்குக் கிடைத்த மரியாதை என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். பிறகுதான் மேலே பார்த்தேன்.

சுருதிப்பெட்டி ஒன்றும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் யாரோ அனுப்பியது. கரண்டில் இயங்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கரண்டோ ஒரு நிலையில் நிற்காது. ஊரில் யாராவது அரிசி இடிக்க மோட்டார் போட்டால் இங்கே சுருதி மெல்ல மெல்ல இறங்கும். பிள்ளைகளும் அதோடு விசுவாசமாக இறங்குவார்கள். ஐந்து கட்டையில் தொடங்கிய வகுப்பு மணியடிக்கும்போது நாலுக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். குரல் உடைந்துகொண்டிருந்த ஆண் பிள்ளைகளுக்கு இதனால் என் பாடத்தில் பெரிய பிரியம். எப்படியும் பாடம் முடியுமுன் தங்களுக்கு வசதியான இடத்துக்கு வந்துவிடும் என்று காத்திருப்பார்கள்.

ஒருநாள் பெட்டிக்குள் ஒரு பல்லி போனது. ஒரு பொறி, ஒரு மணம், அதோடு சரி. அதிபர் வந்து பெட்டியைப் பார்த்தார், பல்லியையும் பார்த்தார். சுருதி என்ற ஒன்று கட்டாயம் வேண்டுமா, இல்லாமல் ஒருமாதிரிச் சமாளிக்க முடியாதா என்று தயக்கத்தோடு கேட்டார். சுருதி இல்லாமல் பாடுவது வரம்பு கட்டாமல் வயலுக்குத் தண்ணீர் விடுவதுபோல என்றேன். விவசாயம் படிப்பித்தவர் அல்லவா, அந்தக் கணமே விளங்கிவிட்டது. பெட்டியைத் திருத்துவதற்குக் கிளிநொச்சிக்கு அனுப்பினார். அது இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நானே சுருதிப்பெட்டி ஆனேன். வாய் வலிக்க “ச” பிடித்துக்கொண்டு இருப்பேன், பிள்ளைகள் பாடுவார்கள். இந்த இடத்தில்தான் நிரோசா வருகிறாள்.

நிரோசா அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். நெடிய, மெலிந்த பிள்ளை. நல்ல கனமான குரல். ஆனால் சுருதியோடு அவளுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் ஒரு “ச” கொடுத்தால் அவள் வேறு ஒரு “ச” திருப்பித் தருவாள், அதுவும் முழு நம்பிக்கையோடு. பிழை என்றால், “ஓம் ரீச்சர்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பாள். நான் பல்கலைக்கழகத்தில் படித்த அத்தனை வித்தைகளையும் அவளிடம் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பணிவோடு கேட்டுக்கொண்டு அடுத்த “ச”வுக்குப் போய்விடுவாள்.

அவளுடைய தாய் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். உயர்தரம் படிக்கவேண்டுமானால் ஆறு பாடம் சித்தியடைய வேண்டும். தமிழ், சமயம், கணிதம் என்று விரலை மடக்கிக்கொண்டு போய் ஐந்தாவது விரலில் நிறுத்தினார். விஞ்ஞானமும் ஆங்கிலமும் கடவுள் விட்ட வழி. ஆறாவதாக நம்பியிருந்தது என்னுடைய சங்கீதத்தை.

“உங்கடை பாடம் விழுந்தா இவள் காமென்ற்ஸ் பஸ் ஏறுறாள் ரீச்சர். நான் அங்கை சொல்லிப்போட்டன்.”

விடியக்காலையில் ஊருக்குள் வந்து பெட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைத்தான் சொன்னார். அதற்கென்று ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் வாங்கி வைத்திருந்தார். மூடியில் ரோசாப்பூப் போட்டது. பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டவும் செய்தார். கோபம் ஒன்றும் இல்லை; எந்தப் பக்கம் விழுந்தாலும் வீடு ஆயத்தம் என்று அறிவித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். நிரோசாவுக்கோ உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்க ஆசை. அதை என்னிடம் இரகசியமாகச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து எனக்கு இராத் தூக்கம் சரியில்லை. ஒரு பிள்ளையின் தலையெழுத்து ஒரு “ச”வில் வந்து நிற்கும் என்று எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இனி மிசினைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட வேலிக்கு அடுத்த காணி நிரோசாவின் தகப்பன் இராசலிங்கம் அண்ணையுடையது. கோடையில் மிளகாயும் வெங்காயமும், மாரியில் கொஞ்சம் நெல்லும். கிணற்றிலிருந்து இறைக்க அவரிடம் ஒரு தண்ணீர் மிசின் இருந்தது. அதைப் பெற்றோலில் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாற்றுகிற நேரம் சத்தம் ஒருதரம் விக்கும், கொஞ்சம் இறங்கும், பிறகு கனத்து ஒரே நிலையில் நின்றுவிடும். வன்னியில் இது தெரியாதவர்கள் இல்லை. ரவுணில், பட்டணப் பக்கம் வளர்ந்த உங்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தடதடப்புக்கு அடியில் ஒரு ரீங்காரம் இருக்கும். நான் அதை வருடக்கணக்காகச் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

அன்று காலை நிரோசா வழக்கம்போலத் தன் சொந்தச் சுருதிகளில் உலாவிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் மிசின் இழுபட்டது, விக்கியது, இறங்கியது, நின்றது. நிரோசா “ச” என்றாள். நான் கையிலிருந்த வெண்கட்டியைத் தவறவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் தொண்டைக்கு ஒரு இனிப்பைச் சப்பிக்கொண்டிருந்தேன். அதை முழுதாக விழுங்கிவிட்டேன். பிள்ளை அச்சொட்டாக மிசினின் சுருதியில் நின்றாள். “ப” போனாள், மேல் “ச” போனாள், திரும்பி வந்தாள். எல்லாம் அளந்து வைத்ததுபோல இருந்தது. பிறகு வகுப்பையே பாடச் சொன்னேன். ஈட்டிகளுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலாக நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது.

எப்படி என்று கேட்டேன். நிரோசா கொஞ்சம் யோசித்தாள்.

“மிசின் ஒரே மாதிரி நிக்குது ரீச்சர். நீங்கள் மூச்செடுக்கிறீங்கள்.”

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோருமே மிசின் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். தகப்பன் வாய்க்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்பார். குசினியில் தேங்காய் திருவுகிற பிள்ளைக்குத் தெரியும், கிணற்றில் தண்ணீர் வற்றுகிறது, மிசின் காற்று இழுக்கப் போகிறது என்று. காற்று இழுத்தபடி ஓடவிட்டால் மிசின் இறுகிப் போய்விடும். ஆகவே நித்திரையிலும் ஒரு காது அங்கேதான். யாருடைய மிசின் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு நான் பல்லி போன பெட்டிக்காக அழுதுகொண்டிருந்தேன்.

அன்றே வேலியடிக்குப் போய் இராசலிங்கம் அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் வேணும் என்று மட்டும் கேட்டார். அதிபர் நேரசூசியை மாற்றினார். சங்கீத பாடங்கள் எல்லாம் இராசலிங்கம் அண்ணை இறைக்கிற நேரத்துக்கு வந்தன. நான் யன்னலால் கையை உயர்த்தினால் வேகத்தைக் கூட்டுவார், தாழ்த்தினால் குறைப்பார். ஐந்தரைக் கட்டையில் வந்து நின்றதும் நான் கும்பிடுவேன், அவரும் கும்பிடுவார். சில கிழமைகளில் அவர் ஆளே மாறிப்போனார். சங்கீத நாளில் தோய்த்த சாரமும் திருநீறுமாக மிசினடியில் நிற்பார். இண்டைக்கு என்ன ராகம் என்று வேலிக்கு மேலால் கேட்பார். ராகத்துக்கும் மிசினுக்கும் சம்பந்தமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சுருதிதான் என்று எத்தனையோ தரம் விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. மோகனம் என்றால் கொஞ்சம் எண்ணெய் கூட விடுவார்.

மாரி தொடங்கியபோது உண்மையான சிக்கல் வந்தது. மழைக்கு யார் இறைப்பார்கள்? பரீட்சையோ நெருங்கிவிட்டது. இராசலிங்கம் அண்ணை குழாயின் ஒரு நுனியைக் கிணற்றுக்குள் விட்டார், மற்ற நுனியையும் அதே கிணற்றுக்குள் விட்டார். மழை பெய்துகொண்டிருக்கும், அவர் ஓலைக் கொட்டிலுக்குள் நின்று கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கிணற்றுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்த வழியால் வந்த விவசாயப் போதனாசிரியர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, மழைக்கவசத்துக்குள் நின்று கனநேரம் பார்த்தார். கடைசியில், என்ன செய்யிறீங்கள் அண்ணை என்று கேட்டிருக்கிறார்.

“சங்கீதம் படிப்பிக்கிறம்” என்றாராம் இவர்.

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த பயிற்சி வகுப்புக்கு இராசலிங்கம் அண்ணைக்கு அழைப்பு வரவில்லை.

மிசின் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பதிந்தேன். போட்டுக் காட்டினேன். நுளம்பு மாதிரி இருக்குது ரீச்சர் என்று வகுப்பே சிரித்தது. நிரோசா மட்டும் மிகவும் முயன்று பார்த்தாள். நுளம்போடும் சுருதி சேரவில்லை. அது போக, பரீட்சை மண்டபத்துக்குள் தொலைபேசி கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அப்போதுதான் அதிபர், சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே, மிசினைக் கொண்டு போவோம் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செயன்முறைப் பரீட்சை கிளிநொச்சி ரவுணில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். இராசலிங்கம் அண்ணையின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் மிசினும் தண்ணீருக்கு ஒரு பெரிய தகரப் பரலும் குழாய்களும் ஏறின. நிரோசா மிசினைப் பிடித்துக்கொண்டு இழுவைப் பெட்டியில் இருந்தாள். நானும் அதிபரும் பின்னால் போனோம். கழிவுநீர்க் காண் துப்பரவாக்க வந்திருக்கிறோம் என்று அதிபர் வாசலில் சொன்னார். வாசல்காரருக்குக் காண் எங்கே என்று காட்டுவதில் அவ்வளவு சந்தோசம். கிணறு இல்லாததால் பரலைத் தண்ணீரால் நிரப்பி, குழாயின் இரண்டு நுனியையும் அதற்குள் விட்டோம். பரீட்சை மண்டபத்து யன்னலுக்கு நேரே, ஒரு வேப்பமரத்தின் கீழே.

உள்ளே பரீட்சகர்கள் இரண்டு பேர். ஒருவர் நரைத்த கொண்டையோடு ஒரு மிஸ், மற்றவர் ஒரு இளம் சேர். கதைத்ததெல்லாம் மிஸ்தான். அவர்களுடைய மேசையில் புதிய சுருதிப்பெட்டி ஒன்று ஐந்தரைக் கட்டையில் இரைந்துகொண்டிருந்தது. நிரோசா உள்ளே போய்ப் பாயில் இருந்தாள். இராசலிங்கம் அண்ணை கயிற்றை இழுத்தார். மிசின் பிடித்தது. மிஸ் யன்னல் பக்கம் ஒருதரம் முகத்தைச் சுளித்துவிட்டு, தொடங்கச் சொன்னார். நிரோசா தொடங்கவில்லை. மறுபடியும் சொன்னார். அவள் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன் பிள்ளை பாடேல்லை?”

“இன்னும் மண்ணெண்ணெய்க்கு மாறேல்லை மிஸ்.”

மிஸ்ஸின் முகத்தை நான் யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த வசனத்தை இரண்டு மூன்று பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, விளங்காமல் விட்டுவிட்டார். அதற்குள் மிசின் விக்கி, இறங்கி, நின்றது. நிரோசா பாடத் தொடங்கினாள். தன்னுடைய பெட்டி திடீரென்று இத்தனை கனமாகக் கேட்பது எப்படி என்று மிஸ் அதைத் திரும்பிப் பார்த்தார். வரிசைகள் போயின. கீதம் போனது. கீர்த்தனையில் அனுபல்லவிக்கு அவள் ஏறியபோது இளம் சேர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இராசலிங்கம் அண்ணை என் பக்கத்தில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதமும் அவர் மிசினடியில் நின்றவர். மகள் பாடி அவர் கேட்டதே இல்லை. மிசின் அவரைக் கேட்க விட்டதில்லை. இன்றைக்குத்தான் யன்னலோடு நின்று கேட்கிறார். வாய் திறந்தபடி நின்றார். மிசின் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் மறந்துபோனார். நானும் மறந்துபோனேன்.

மறக்காதவள் ஒருத்திதான். சரணத்தின் நடுவில் நிரோசா பட்டென்று நிறுத்தினாள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

“மிஸ், மிசின் காத்து இழுக்கப் போகுது” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். பரலிலிருந்து தண்ணீர் போகும் குழாய் சரியாக இருந்தது. திரும்பி வரும் குழாய்தான் பரலில் இல்லை. தண்ணீர் தெறித்து அதிபரின் சப்பாத்தில் பட்டிருக்கிறது. அவர் நாகரிகமாகக் குழாயைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, துணியை எடுத்துச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பரல் அடி தெரியக் கிடந்தது. தண்ணீர் முழுவதும் காணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வாசல்காரர் தூர நின்று, காண் நன்றாகத் துப்பரவாகிறது என்று தலையாட்டிக்கொண்டு நின்றார்.

நிரோசா பாய்ந்து மிசினை நிற்பாட்டினாள். தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். பிறகுதான் இராசலிங்கம் அண்ணைக்கு உயிர் வந்தது. மிசின் போனால் போகட்டும், நீ ஏன் பாட்டை விட்டிட்டு வந்தனீ என்று அவர் நடுங்கும் குரலில் கேட்டார். மிசின் போனால் வீட்டில் சோறு இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. பரீட்சை நடுவில் எழும்பி வந்தால் அதோடு சரி. இதை நான்தான் அவர்களுக்குப் பலதரம் சொல்லியிருந்தேன். அந்த விடியக்காலைப் பஸ் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மிஸ் யன்னலுக்கு வந்துவிட்டார். மரத்தை, மிசினை, பரலை, என்னை என்று வரிசையாகப் பார்த்தார். அதிபர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். நல்ல பெரிய மரம்.

“ஆர் இதை இஞ்சை கொண்டந்தது?”

இராசலிங்கம் அண்ணை முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அது இவளின்ரை சுருதி அம்மா. வேறையொண்டு எங்களிட்டை இல்லை.”

மிஸ் மிசினைத் திரும்பவும் பார்த்தார். அவர் கோபத்தில் நிற்கிறாரா யோசனையில் நிற்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு என்னிடம், இது என்ன கட்டை என்று கேட்டார். ஐந்தரை என்றேன். பரீட்சார்த்தி தனக்குப் பழக்கமான சுருதியோடு பாடலாம் என்றுதான் விதி சொல்லுகிறது, அது மண்ணெண்ணெயில் ஓடக்கூடாது என்று சொல்லவில்லை என்று இளம் சேருக்குக் கேட்கும்படி சொன்னார். இளம் சேர் அவசரமாக ஓம் என்றார். வெளியே வரிசையில் நின்ற பரீட்சைப் பிள்ளைகள், ஆர் எந்தப் பள்ளிக்கூடம் என்று பாராமல் பைப்பில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துப் பரலை நிரப்பினார்கள். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நனைந்துபோயின. நிரோசா திரும்ப உள்ளே போனாள். மிசின் இழுபட்டது. அவள் வாயைத் திறக்கப் போனாள். மிஸ் கையை உயர்த்தி மறித்தார்.

“பொறும் பிள்ளை. இன்னும் மாறேல்லை.”

அன்று மத்தியானம்வரை மிசின் ஓயவில்லை. தோட்டக்காணிப் பக்கங்களிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும், தங்களுக்கும் அதுதான் வேணும் என்று நின்றார்கள். ரவுண் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு பெட்டியோடு பாடினார்கள். இராசலிங்கம் அண்ணை பெண் பிள்ளைகளுக்குக் கூட்டியும் ஆண் பிள்ளைகளுக்குக் குறைத்தும் பக்கவாத்தியம் வாசித்தார். ஒரு பையன் கும்பிட்டுவிட்டுப் போனபோது தானும் மிசினும் சேர்ந்து கும்பிடுவதுபோல் குனிந்தார். திரும்பிவரும் குழாயைப் பரலுக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை அதிபருக்கு. சப்பாத்தைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு, முழுசாக நனைந்து நின்றார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் பிறகு பார்க்கவில்லை.

பெறுபேறு வந்தது. சங்கீதத்தில் நிரோசாவுக்கு ‘சி’. ஆறு பாடம் நிறைந்தது. தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பெட்டி உயர்தர வகுப்புக்குப் போனது. கொஞ்ச காலத்தில் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. இங்கே கிடைத்த சங்கீத அறையில் ஈட்டிகள் இல்லை. நல்ல சுருதிப்பெட்டி இருந்தது. நானும் பழகிக்கொண்டேன்.

பிறகு எரிபொருளுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற காலம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. வன்னி முழுக்க மிசின்கள் வாயடைத்துப் போயின. திரும்ப எண்ணெய் வந்தபோது பலபேர் கூரையில் சூரியத்தகடு பூட்டி, கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கிவிட்டார்கள். நல்ல விசயம்தான். எண்ணெய்ச் செலவும் இல்லை, கயிறு இழுத்துத் தோள் வலிக்கவும் தேவையில்லை. பழைய மிசின்கள் இரும்புக்காரனின் லொறியில் ஏறின.

சென்ற வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நிரோசா வந்திருந்தாள். தொழில்நுட்பம் படித்து முடித்து, இப்போது அந்தச் சூரிய மோட்டார்கள் பூட்டுகிற கம்பனி ஒன்றில் வேலை செய்கிறாள். அரைவாசி ஊருக்குப் பூட்டியது அவள்தான். பேச்சில், நடையில், எல்லாவற்றிலும் ஒரு நிமிர்வு. எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். வேலிக்கு அப்பால் அவர்களுடைய தோட்டத்தைப் பார்க்கப் போனோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. இராசலிங்கம் அண்ணை நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பிக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார். முந்திப் படுத்திருந்தே தெரியும், இப்போது ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தால்தான் தண்ணீர் வருகிறதா என்று தெரிகிறது என்றார்.

இப்பவும் பாடுறனியோ என்று நிரோசாவைக் கேட்டேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதோடை பாடுறது ரீச்சர்?”